திருப்பரங்குன்றத்து மனையைத் தாங்கள் வாங்க வேண்டாம் என்பது பற்றி

சிம்மக்கல், மதுரை
12-3-1934

ரங்கூனில் கடை நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் சிஹாபுதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை அஜ்மல் பீவியின் கணவன் ஜலீல் சலாம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். தங்கள் சுகத்துக்காக அவள் ஐந்து வேளையும் துஆச் செய்கிறாள். நான் நான்கு வேளை.

பத்து வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில், திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் பக்கத்து மனையை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கவே வேண்டாம். வாடகையை நம்பிப் போன வருஷம் நான் வீடு வாங்கிய கதையைக் கேளுங்கள். விலை எழுநூறு. முத்திரைத்தாளுக்கு, பத்திரம் எழுதியவருக்கு, வில்லங்கம் பார்த்தவருக்கு, பார்த்தது சரியா என்று பார்த்தவருக்கு என்று தனியாக ஒரு தொகை போனது. வில்லங்கம் துளிகூட இல்லை என்றார்கள். வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டதால் வாரிசுகள் ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். கைநாட்டு வைக்கும் பெண்மக்களுக்கு ஆளுக்கொரு சேலை கொடுப்பது வழக்கமாம். நான்கு மகள்கள். மூன்றாமவள் கரை பிடிக்கவில்லை என்று கட்டைவிரலை நீட்ட மறுத்ததில் ஐந்து சேலை ஆயிற்று. பேயாண்டி என்பவரைக் குடிவைத்தேன். மறுவாரமே நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஜெயினம்பு பீவி என்ற அம்மாள் பாயும் பெட்டியுமாக வந்து இறங்கினார். மவுத்தானவரின் இரண்டாம் தாரமாம். பிள்ளை இல்லாதவர் என்பதால் அவரை யாரும் வாரிசில் சேர்க்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. "பதினாறுல ஒரு பங்கு எனக்கு வருது தம்பி. அம்புட்டு வீட்டையுமா கேக்குறேன்? இந்த அடுப்பங்கரை போதும்" என்று பாயை விரித்துவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினால், மனைவிமார் இருவருக்கும் சேர்த்து எட்டில் ஒன்று, பங்குக் கணக்கு சரிதான் என்கிறார். பேயாண்டியோ, "அடுப்பில்லாத வீட்டுக்கு எதுக்குண்ணே வாடகை?" என்கிறார். என்னத்தைச் சொல்ல! வாடகை இங்கே வருவதில்லை. சோறும் ஆணத்துச் சட்டியும்தான் இங்கிருந்து அங்கே போகின்றன. அதுவும் ஜெயினம்பு பீவிக்கும் சேர்த்து. ஒருத்திக்காக அடுப்பு மூட்ட அவருக்குச் சலிப்பாக இருக்கிறதாம்.

ஆகையால் பணத்தைப் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள் மச்சான். தங்கள் நன்மை ஒன்றுக்காகவே இவ்வளவும் எழுதினேன். தங்கள் கடையிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத்தைக் கொட்டுவானாக.

தங்கள்,
ஜலீல்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அந்த மனை ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. என் பெயருக்கு வாங்கத்தான் போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. தங்கள் தங்கை பின்னாலேயே வண்டி கட்டி வந்து, ஆபீஸ் வாசலில் அத்தனை பேர் முன்னால், "எங்கண்ணன் ஆசப்பட்டுக் கேட்ட எடம். அத நீங்க அமுக்கிக்கிட்டா, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவுகளுக்குக் காயிதம் போடுவேன்?" என்று அழுதுவிட்டாள். பத்திரம் தங்கள் பெயரில்தான் இருக்கிறது. மேலே எழுதிய எதையும் நம்பிவிடாமல், நான் கட்டிய எண்ணூறு ரூபாயை உடனே அனுப்பி வைக்கவும்.