மார்ச் வரைக்குமான தண்ணீர்

தண்ணீரைப் பற்றிப் படித்தவனிடம் தண்ணீரை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. நான் படித்தவன். சிட்னியில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறிச் சம்பளம் வாங்கியவன். ஆகவே இதைத் துணிந்து சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னிக்கு வடக்கே ஆற்றின் நடுவில் ஒரு சின்னத் தீவு. என்னோடு வேலை செய்த கெவினுக்கும், மிசிஸ் டாட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் அது கூட்டுச் சொத்து. யூக்கலிப்டஸ் மரங்கள், ஒரு மரவீடு, படகு கட்ட ஒரு இறங்குதுறை, அவ்வளவுதான். மூன்றாவது பங்கு ஆளில்லாமல் கிடந்தது. கெவின் என் பெயரைச் சொன்னான். மிசிஸ் டாட்டோ இரண்டு வருடமாக வந்தவர்கள் எல்லாரையும் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவர். "ஒரு வார இறுதி இருந்து பார்க்கட்டும். ஞாயிறு மத்தியானம் நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். (பெண் பார்க்க வருகிற மாதிரித்தான். பெண் நான்.)

எனக்கு அந்தப் பங்கு வேண்டும் என்பதற்கு ஒரே காரணம் என் மனைவி பவானி. எங்கள் பிளாட்டில் அவள் செத்தல் மிளகாய் பொரித்தால் மேல்வீட்டுக்காரர் தும்மிக்கொண்டே வந்து கதவைத் தட்டுவார். கருவாட்டைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். மெல்லச் சமைத்து, மெல்லச் சிரித்து, மெல்லச் சண்டை பிடித்து அவள் பாதியாகிப் போயிருந்தாள். வெள்ளி பின்னேரம் தீவுக் குசினியின் யன்னலைத் திறந்துவிட்டு, "இஞ்சை நான் கத்தினாலும் ஆருக்கும் கேக்காது, என்ன?" என்று கேட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. எப்படியும் இந்தப் பங்கை வாங்கிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது.

வீட்டின் பக்கத்தில் ஒரு தகரத் தண்ணீர்த் தாங்கி நின்றது. அதுவோ ஜனவரி மாதம், நல்ல வெயில் காலம். எங்களை இறக்கிவிட வந்த கெவின் தாங்கியைத் தட்டிக் காட்டி, "மழைத் தண்ணீர். மார்ச் வரைக்கும் இதுதான்" என்றான். நான் தலையாட்டினேன். என் தொழிலில் தாங்கி என்றால் அதற்குப் பின்னால் ஒரு அணைக்கட்டு இருக்கும். இதற்குப் பின்னால் வானம் மட்டும்தான் இருக்கிறது என்பது என் மூளையில் ஏறவில்லை.

நான் செய்த அடுத்த மடைத்தனம், அதற்கு முந்தின கிழமையே சிவம் அண்ணையிடம் வாய்விட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க்காரர், சிட்னியில் எல்லாருக்கும் அண்ணை. "ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சனி காலை வாடகைப் படகில் ஏழு ஆம்பிளைகளோடு வந்து இறங்கினார். எல்லார் தோளிலும் முழுகக் கட்டுகிற சாரம். அண்ணையின் கையில் இரண்டு போத்தல் நல்லெண்ணெய், ஒரு டின் சீயாக்காய்.

"தம்பி, இந்த நாட்டுக்கு வந்து மூண்டு வருசம். ஒரு சனிக்கிழமையாவது ஒழுங்கா முழுகினனானோ? பாத்டப்புக்கை குந்தியிருந்து முழுகிறதும் ஒரு முழுக்கே?"

குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்த பவானி எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, தண்ணி காணுமோ?"

"இதிலை தண்ணி இஞ்சினியர் ஆர், நீரோ நானோ?" என்றேன். (அந்த வாயை இன்று நினைத்தாலும் தைக்கலாம் போலிருக்கிறது.)

ஒன்பது பேரும் எண்ணெய் வழிய வெயிலில் குந்தியிருந்தோம். பிறகு சீயாக்காய் அப்பிக்கொண்டு, தாங்கியில் பூட்டிய றப்பர் குழாயைத் திறந்துவிட்டோம். முதல் மூன்று பேர் ஆசை தீர முழுகினார்கள். இடையில் அரசியல் வந்துவிட்டது. குழாய் தன்பாட்டில் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டலாமோ என்று ஒருவர் கேட்டார். "விடு, மரத்துக்குத்தானே போகுது" என்றார் சிவம் அண்ணை.

பிறகு குழாய் ஒருதரம் இருமியது. நின்றுவிட்டது.

ஆறு பேரின் தலையில் சீயாக்காய். கண் எரிச்சலில் ஒருவராலும் இமை திறக்க முடியவில்லை. உப்பாற்றில் குதிக்கலாம் என்றால் அதில் சுறா உண்டு என்று கெவின் சொல்லியிருந்தான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வீட்டுப் பக்கம் தடவித் தடவி நடந்தோம். அப்போதுதான் படகுச் சத்தம் கேட்டது. மிசிஸ் டாட்! ஒரு நாள் முந்தி வந்தால்தான் உண்மை தெரியும் என்பது ஆசிரியை மூளை.

"இங்கே என்ன நடக்கிறது?"

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "சமயச் சடங்கு" என்றேன்.

அந்த நல்ல மனுஷி உடனே தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு கல்லில் மரியாதையாக உட்கார்ந்துவிட்டார். இனிச் சடங்கை நடத்தித்தானே ஆகவேண்டும்? சிவம் அண்ணை கண்ணை மூடியபடி ஒரு தேவாரத்தை எடுத்தார். கண்ணீர் தாரையாக ஓடியது. மிசிஸ் டாட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது நிமிடம் போனது. "பாவம், களைத்திருப்பீர்கள். தேநீர் போடுகிறேன்" என்று எழும்பியவர் கேத்தலோடு போய்த் தாங்கிக் குழாயைத் திறந்தார்.

சொட்டுத் தண்ணீர் இல்லை. தாங்கியைத் தட்டினார். கோயில் மணி மாதிரிக் கேட்டது.

"இதுவும் சடங்கா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கமுன் பவானி குசினியால் இறங்கி வந்தாள். தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "சடங்கு இல்லை. இவர்கள் தலை முழுகுகிறார்கள். உங்கள் மார்ச் மாதத் தண்ணீரை முடித்தது என் கணவர். மன்னிக்கவும்." பங்கு கையைவிட்டுப் போய்விட்டதென்று அவளுக்குத் தெரியும். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மிசிஸ் டாட் வெறும் கேத்தலைக் கல்லில் வைத்தார். பிறகு, "அந்தப் பொரிக்கிற மணம் என்ன?" என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். இரண்டு பேரும் கருவாடு சாப்பிட்டார்கள். உள்ளே பவானி வாய்விட்டுச் சிரிப்பது ஆற்றங்கரை வரை கேட்டது. நாங்கள் ஆறு பேரும் வெளியே காய்ந்துகொண்டிருந்தோம்.

பங்கு கிடைத்தது. பத்திரத்தில் பவானியின் பெயர் மட்டும். அது மிசிஸ் டாட்டின் நிபந்தனை. மழை வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கரையிலிருந்து கான்களில் தண்ணீர் நிரப்பி, படகு வலித்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியது நான். அது அவர் தந்த தண்டனை.

இப்போது எனக்கு எண்பதை நெருங்குகிறது. போன டிசம்பர் நத்தாருக்குப் பவானியோடு ஏதோ வாக்குவாதம். "நான் தீவிலை போய்த் தனிய இருக்கப் போறன்" என்று கத்தினேன். அவள் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஆரைக் கேட்டு?" என்றாள்.

எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் தெரிந்த வார்த்தைகள் பத்துக்குள் அடங்கும். அதில் இரண்டு இவை.