கன்றுக்குட்டி நக்கிய கிறிஸ்துமஸ்

"கிறிஸ்துமஸுக்கு அர்த்தம் வேண்டும், குடும்பத்தையும் கோயிலையும் சமமாகப் பாருங்கள்" என்று பிரசங்கத்தில் சொல்கிற ஃபாதருக்குக் குடும்பம் கிடையாது. எனக்கு இரண்டும் இருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு காலைதான். அதை எப்படிப் பிரிப்பது என்று எவனும் சொல்வதில்லை. ஒரு வருடம் நான் பிரித்துப் பார்த்தேன். நாசமாய்ப் போனது.

மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன் நான். மனைவி செல்வி பெருமுக்கல் பக்கத்து இந்து விவசாயக் குடும்பம்; கிறிஸ்தவன் என்றால் அவர்களுக்கு வேதக்காரன். "வேதக்காரன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று கல்யாணத்தின்போது சொன்ன மாமனார், சொன்னபடியே மிதிக்காமல் இருந்தார். அந்த வருடம்தான் கொஞ்சம் அசைந்தார். பேத்தி கோயிலில் இறக்கை கட்டிச் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதர் வேஷம், போடுகிறாள் என்றதும், "கோயில் வாசல்ல நின்னு பார்த்துட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சிடுவேன்" என்றார்.

செல்வி என்னிடம் விரலை நீட்டினாள். "ஏங்க, பூசை முடிஞ்சதும் நேரா அப்பாகிட்ட போங்க. கைய புடிச்சு இழுத்தாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. இந்த வாட்டி விட்டா அவ்வளவுதான்."

தலையாட்டினேன். அதே தலையை ஃபாதரிடமும் ஆட்டியிருந்தேன். இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் காட்டும் குடில் அந்த வருடம் என் பொறுப்பு. (ஆட்டுவதற்கு மட்டும் என் தலை நன்றாக வேலை செய்யும்.)

குடிலில் பஞ்சு ஒட்டிப் பனி காட்டுவது வழக்கம். உப்பளத்துக்காரன் பஞ்சு வாங்குவதா? மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிப் பனிமலை கட்டினேன். குழந்தை இயேசு சுரூபத்தையும் அதிலேயே படுக்க வைத்தேன். பொம்மை மாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கன்றுக்குட்டியை இரவல் வாங்கி விடியற்காலையிலேயே கட்டிவிட்டேன்.

பிரசங்கத்தின் நடுவில் பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பனிமலையில் ஒரு பக்கத்தைக் காணோம். கன்று குழந்தை இயேசுவின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. உப்பிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்; மாட்டுக்கு உப்பென்றால் உயிர் என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றபோது, கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தது. அதற்குத் தாகம். நேராக வாசலுக்குப் போய்த் தீர்த்தத் தொட்டியில் வாயை வைத்தது. பின்னாலேயே இறக்கை தொங்க என் மகள் ஓடினாள். வாசலில் நின்ற மாமனார் கன்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"எந்த முட்டாப்பயடா கன்னுக்கு உப்ப தின்ன வெச்சது? செத்துடும்டா!"

மொத்தக் கோயிலும் என்னைப் பார்த்தது. நான் பாடகர் குழுவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தெரியாத பாட்டை உரக்கப் பாடினேன்.

"நல்ல தண்ணி எங்கம்மா இருக்குது?" என்று அவர் செல்வியைக் கேட்டது காதில் விழுந்தது.

"நம்ம வீடு பக்கத்துலதான்பா."

கன்றை இழுத்துக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். பூசை முடிந்ததும் பின்னால் ஓடப் பார்த்தேன். ஃபாதர் என் சட்டையைப் பிடித்தார். "எங்கப்பா போற? இந்த உப்பையெல்லாம் யாரு அள்றது?"

அள்ளி, கூட்டி, கழுவி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. மாமனாரின் பஸ் எப்போதோ போயிருக்கும், இனி வரவே மாட்டார், செல்வி என்னை உரித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் கன்று. உள்ளே வேட்டியை மடித்துக் கட்டிய மாமனார், எங்கள் சமையலறையிலிருந்து வாளியோடு வெளியே வந்தார்.

"ஒரேயடியா குடிச்சா ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் காட்டணும். சாயங்காலம் வரைக்கும் கூடவே இருக்கணும்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மாப்ள வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க."

என் வீட்டுக்குள் என்னையே அழைத்தார்! பிரியாணி தீர்ந்திருந்தது. "கோயில்லயே சாப்பிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் செல்வி. ஆனால் திட்டவில்லை. ஏன் திட்டவில்லை என்று புரியாமல் பழைய சோற்றைத் தின்றேன்.

கன்று பிழைத்தது. மாமனார் அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறார். யார் வந்தாலும், "கோயில்ல கன்னுக்கு உப்பு வெச்ச மாப்ள இவருதான்" என்று என்னைக் காட்டுகிறார். ஃபாதரோ, "நீ குடில் பக்கமே வராத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்வி சொல்கிறாள்: "இந்த வருஷமும் ஒரு கன்னு புடிச்சிட்டு வாங்க. கொஞ்சம் ஜாஸ்தியா உப்பு காட்டினா அப்பா ரெண்டு நாள் தங்கிட்டுப் போவாரு."

நான் யார் பேச்சைக் கேட்பது?