கூலண்ட் குறைவு விசாரணைக் குழுவின் நூறு சதவீத வெற்றி

மனித குலம் நெருப்பை மூட்டக் கற்றது ஒரு சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நெருப்பைக் கோப்புக்குள் வைத்து, நாடா கட்டி, ஆறப்போடக் கற்றதே நாகரிகத்தின் உச்சம். அந்த உச்சியில் ஏறிக் கொடி நாட்டிய பெருமை, ஒரு நகர மருத்துவமனையின் 'கூலண்ட் குறைவு விசாரணைக் குழு'வையே சேரும்.

இந்தச் சாதனையில் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் சிறு பங்கு உண்டு. மனிதர் பதினொரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். அவருடைய நிரந்தரப் பணி ஆணை ஒருவழியாகத் தட்டச்சாகி, நிர்வாக அதிகாரியின் மேஜைக்கே வந்துவிட்டது. காலாண்டு முடியும்வரை அவர்மேல் ஒரு புகாரும் வரக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. வேறு யாராக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இவருக்கோ தினமும் காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம்.

ஒருநாள் விரல் நனையவில்லை; என்ஜினைக் குளிர்விக்கும் பச்சை நீரான கூலண்ட் குறைந்திருந்தது. குனிந்து பார்த்தார். கீழ் ஹோஸ் குழாயில், கிளிப் இறுகும் இடத்தில், நகம் நீளத்துக்கு ஒரு விரிசல். அடியில் தரையெல்லாம் பச்சைத் திட்டு. கூலண்ட் ஊற்றி நிரப்பிவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: 'கூலண்ட் குறைவு. கீழ் ஹோஸ் மாற்ற வேண்டும்.' அரை மணி நேர வேலை. ஆனால் அனுமதி இல்லாமல் மாற்றினால் மருத்துவமனைச் சொத்தில் கைவைத்த குற்றமாகிவிடும். ஆகவே மறுநாளும் ஊற்றினார், எழுதினார். இப்படியே நாலு வாரம் போயிற்று.

நிர்வாகம் பொங்கி எழுந்தது. அதாவது, ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தது. தலைவர், நிர்வாக அதிகாரியேதான்.

"ஹோஸ்ல கசிவு சார்" என்றார் டிரைவர், முதல் கூட்டத்தில்.

தலைவர் பதறிப்போனார். "அந்த வார்த்தையே வேணாம்! கசிவுன்னா பராமரிப்பு சரியில்லைன்னு அர்த்தம். 'குறைவு'ன்னு சொல்லுங்க."

"குறைவு சார். ஹோஸ்ல குறைவு, தரையில நிறைவு. வந்து பாருங்க, பச்சையா தேங்கிக் கிடக்கு."

"களத்துக்குப் போனா குழுவோட நடுநிலைமை கெட்டுடும்" என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகு குழுவின் மூளையான புள்ளிவிவர அதிகாரி எழுந்தார். மூன்று நிறத்தில் ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். அவர் பதிவேட்டை மூன்று நாள் இரவு பகலாக ஆராய்ந்தவர், பதிவேட்டை மட்டும்.

"மூடியைத் திறந்தது இருபத்து நாலு நாள். இருபத்து நாலு நாளும் குறைவு பதிவாகியிருக்கு. நாலு ஞாயித்துக்கிழமை திறக்கல. அந்த நாலு நாளும் குறைவே இல்ல. இதுலேருந்து என்ன தெரியுது?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு சார். யாரும் பாக்கல."

"அதையேதான் நானும் சொல்றேன். பாக்காத நாள்ல குறையல!"

மற்ற நால்வரும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்கள். அறிவியல் தங்கள் கண் முன்னால் பிறப்பதைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? குறைவுக்குக் காரணம் திறப்பதே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மூடியைக் கம்பி போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைக்க உத்தரவாயிற்று. குழுவில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டாலொழிய மூடியைத் தொடக் கூடாது.

டிரைவர் வீட்டுக்குப் போய்ப் புலம்பினார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பன்னெண்டு நாள். அதுவரைக்கும் அந்த மூடிப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க."

"பச்சையா ஒழுகுதுடி!"

"ஒழுகட்டும். நம்ம வீட்டுக் குழாய் ரெண்டு வருஷமா ஒழுகுது. அதுக்கு ஒருநாளாவது பதிவேடு போட்டீங்களா?"

பதினொரு வருடம் அந்த ஆணைக்காக அவளும்தான் காத்திருந்தாள்.

மறுநாள் வண்டி நாலு தெரு சுற்றி வந்ததும் அரக்கு உருகி வழிந்துவிட்டது. டிரைவரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அலறி அடித்துக்கொண்டு தலைவரிடம் ஓடினார்.

"சூட்டுல உருகிடுச்சு சார்!"

"என்ஜின் சூடாகுறதா குழு அறிக்கையில எங்கேயும் இல்லையே. இல்லாத சூட்டுல அரக்கு எப்படி உருகும்?"

"அப்ப நீங்களே ஒருதரம் தொட்டுப் பாருங்க சார்."

"திமிரா?" என்றார் தலைவர். ஆனாலும் பெரிய மனது. நோட்டீஸைக் கிழிக்கவில்லை, காலாண்டுக் கூட்டம் வரை நிறுத்திவைத்தார். மூடிக்குப் புது முத்திரையும் வைக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை அழைப்பு வந்தது. ஒரு தையற்காரருக்கு மூச்சுத் திணறல். கிளம்புவதற்கு முன் மூடியைத் திறந்து நிரப்பிக்கொள்ள டிரைவர் போனில் அனுமதி கேட்டார். குழுவில் இரண்டு பேர் விடுப்பு, ஒருவர் வேறு குழுவில் இருந்தார், மூன்று கையெழுத்துக்கு வழியில்லை. முத்திரையைப் பிய்த்தெறிய அவர் கை துறுதுறுத்தது. ஆணையை நினைத்தார், மனைவியை நினைத்தார், அப்படியே கிளம்பிவிட்டார்.

திரும்பும்போது சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தி ஆறவிட்டால் வண்டி பிழைக்கும், பின்னால் படுத்திருக்கிறவர் பிழைக்கமாட்டார்.

"அண்ணே, நிறுத்திடாதீங்கண்ணே!" என்று பின்னாலிருந்து தையற்காரரின் மனைவி கதறினாள்.

"நிறுத்தமாட்டேம்மா. நீ அவரைப் பிடிச்சுக்கோ."

நிறுத்தவில்லை. மருத்துவமனை வாசலில் 'கடக்' என்று ஒரு சத்தம். என்ஜின் இறுகிப்போய் நின்றுவிட்டது. தையற்காரர் பிழைத்தார். பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட நடுவழியில் நிற்காத வண்டி. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். காலையிலேயே மூடியைத் திறந்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகையில், நாலு செங்கல் அடுக்குகள் மேல் நிறுத்தினார்கள். நகரத்து நோயாளிகள் காய்கறி வண்டியிலும் வாடகை ஆட்டோவிலும் வரத் தொடங்கினார்கள். குழு மட்டும் கடமை தவறவில்லை. நாள்தோறும் கூடி, பதிவேட்டில் 'குறைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டது. இப்போது மூன்று பேரும் தவறாமல் கிடைத்தார்கள்.

காலாண்டுக் கூட்டம் களைகட்டியது. சுவர் முழுக்க வரைபடம், பூச்சியத்தை ஒட்டித் தரையோடு தரையாக ஒரு கோடு.

"ஒன்பது நாளா ஒரு சொட்டுக்கூடக் குறையல!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "மத்த வண்டிகளுக்கும் இந்தத் திட்டத்தை விரிவுபடுத்தப் போறோம். நோட்டீஸ் ரத்து. இதோ டிரைவரோட நிரந்தர ஆணை. அவர் நம்ம குழுவைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசட்டும், இங்கேயே கையெழுத்துப் போடறேன்." சொன்னபடியே பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் ஒலிபெருக்கிக்கு முன் வந்து நின்றார். கடைசி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"அய்யா சொன்னது அத்தனையும் உண்மை. எங்க வண்டிக்கு இப்ப கூலண்ட் குறையறதில்ல. சூடும் ஏறறதில்ல."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. புள்ளிவிவர அதிகாரி எழுந்து நின்றே தட்டினார். டிரைவர் அது ஓயும்வரை காத்திருந்தார்.

"பொணத்துக்கு ஜுரம் வராதுங்கய்யா. ஆனா கொன்னவங்களே சுத்தி உக்காந்து கைதட்டுறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."