சுடுதண்ணிக்காக உயிர்நீத்த மாமியார்

வாக்குத் தவறாத மனிதர்கள் அருகிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் பலேர்மோவுக்கு வந்து ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். சொன்ன சொல்லில் நிற்கும் இனம் ஒன்று உலகத்தில் மிச்சமிருக்கிறதென்றால் அது அந்த நகரத்துக் குழாய்த் திருப்பணியாளர்கள்தான். "தொமானி" என்பார்கள். நாளைக்கு என்று அர்த்தம். திங்கட்கிழமை கேட்டாலும் நாளைக்கு, செவ்வாய்க்கிழமை கேட்டாலும் நாளைக்கு. அந்த நாட்டில் எத்தனையோ அரசாங்கம் கவிழ்ந்திருக்கிறது. அவர்கள் சொல் ஒருநாளும் கவிழ்ந்ததில்லை.

இந்த மகத்தான உண்மையை அற்புதமலர் பத்து வருசமாக அறியாமல் இருந்தாள் என்றால், அதற்கு ஒரே காரணம் அவள் வீட்டுக் கல்தாயா அதுவரை பழுதாகாததுதான். கல்தாயா என்பது சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி. காஸில் தண்ணீரைச் சுடவைத்துக் குளியலறைக்கு அனுப்பும். மன்னாரிலிருந்து வந்து பலேர்மோவின் சீசா என்ற பகுதியில் நாலாம் மாடியில் குடியிருக்கும் அந்தக் குடும்பத்துக்கு அது பத்து வருசம் வாய் திறக்காமல் உழைத்தது. தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், வெளியே மழையும் காற்றும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு விக்கல் எடுத்து நின்றது.

வேறு நாளென்றால் இரண்டு நாள் முகம் கழுவிச் சமாளித்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மகள் மொனிகா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், கையில் நாலு நாள் வயதுப் பெண்பிள்ளையோடு. தலைப்பிள்ளை. தலைப்பிள்ளை பெற்றவள் தாய்வீட்டுக்கு வருவாள். தாய் முப்பத்தொரு நாளும் இலை அவித்த வேதுத் தண்ணி வார்ப்பாள். இதில் மறு பேச்சில்லை. நொச்சியிலை பலேர்மோவில் கிடைக்காதென்பதால், தான் வேலை செய்யும் வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சை இலையும் யூக்கலிப்டஸ் இலையுமாக ஒரு பை நிறையப் பிடுங்கி வைத்திருந்தாள் அற்புதமலர். இலை தயார். தண்ணிதான் இல்லை.

கார்மெலோ என்கிற பிளம்பர் வெள்ளிக்கிழமை காலையில், சொன்ன நேரத்துக்கே வந்தார். இதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். வாட்டசாட்டமான ஆள், சென்ற் வாசம், தோளில் தோல் பை. கல்தாயாவின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பிரேதப் பரிசோதனை செய்யும் டொக்டர் போலத் தலையை மெல்ல ஆட்டினார்.

"இதைச் சுவரில் பூட்டின கழுதை யார்?"

"நீங்கள்தான்," என்றார் அற்புதமலரின் புருசன் கொன்ஸ்ரன்ரைன். பெட்டியின் பக்கத்தில் கார்மெலோவின் பெயரும் ரெலிபோன் நம்பரும் அச்சடித்த ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது.

கார்மெலோ ஸ்ரிக்கரைப் பார்த்தார். பெட்டியை மறுபடி பார்த்தார். "நல்ல வேலை," என்றார்.

பிறகு உள்ளேயிருந்து உள்ளங்கையளவு எலெக்ட்ரோனிக் தகடு ஒன்றைக் கழற்றி எடுத்து, அற்புதமலரிடம் மரியாதையோடு காட்டினார். "சிஞ்ஞோரா, இதுதான் இதன் மூளை. கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். தொமானி கொண்டுவந்து பூட்டுகிறேன்." மூளையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு விசிற்றிங் கார்ட்டும் தந்தார். முன்பக்கத்தில் குழாய் வேலை. பின்பக்கத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் அவருடைய மாமியார் நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடை. பல்துறை வல்லுநர்.

மொனிகா வந்தாள், பிள்ளை வந்தது, மூளை வரவில்லை.

கோயில் பெருநாளுக்குப் பிரியாணி அவிக்கும் கிடாரத்தைக் கொன்ஸ்ரன்ரைன் சுமந்துவந்து காஸ் அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் கொதிக்க முக்கால் மணித்தியாலம். அதைக் குளியலறைக்குக் கொண்டுபோகப் புருசனும் பெண்சாதியும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். பெருநாளில் புனிதர் சுருவம் தூக்குகிறவர்கள்போல ஒரே அடியாக நடந்தார்கள். கொண்டுபோய் இறக்கும்போது பாதிச் சூடு போயிருக்கும்.

கார்மெலோவிடமிருந்து குரல் செய்திகள் தவறாமல் வந்தன. ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவருடைய நாளில் வேலை செய்வது பாவம் என்று நினைவூட்டினார். திங்கட்கிழமை, மூளை "அவதானிப்பில்" இருப்பதாக அறிக்கை விட்டார். செவ்வாய்க்கிழமை அவருடைய வான் வண்டிக்கு ரயர் காற்றுப் போய்விட்டது. ஒவ்வொரு செய்தியும் "தொமானி, சிஞ்ஞோரா, தொமானி" என்ற ஆசீர்வாதத்தோடு முடிந்தது.

பொறுமையிழந்த அற்புதமலர் செவ்வாய்க்கிழமையே இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் நாலு மாடியும் ஏறி வந்து, மூடியைத் திறந்து, "இதன் மூளை எங்கே?" என்று கேட்டார்.

"மற்றவர் கொண்டுபோய்விட்டார்."

"மூளையில்லாத நோயாளியில் நான் கை வைப்பதில்லை. தொழில் தர்மம்." நாலு மாடியும் இறங்கிப் போய்விட்டார்.

இதற்கிடையில் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து வேறொரு ஆபத்து ரயில் பிடிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. மொனிகாவின் மாமியார் விமலராணி அங்கேதான் இருக்கிறார். தினமும் காலை எட்டு மணிக்குப் போன் எடுத்துச் சுகம் விசாரிப்பார்.

"என்ன சம்மந்தி, இன்னும் தண்ணி சரிவரேல்லையோ? இஞ்சை எங்கட பைப்பில கை வைக்கேலாது, அவ்வளவு கொதி. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"அதெல்லாம் வேண்டாம் சம்மந்தி. நாளைக்குச் சரிவந்திடும்," என்றாள் அற்புதமலர். சொன்ன பிறகுதான் தன் வாயில் யாருடைய வசனம் வந்தது என்று அவளுக்கே விளங்கியது.

புதன்கிழமை விடிய, கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த கொன்ஸ்ரன்ரைனுக்கு ஈரத்தில் கால் சறுக்கிவிட்டது. அரைக் கிடாரம் வெந்நீர் ஒரு விரற்கடை தள்ளி நிலத்தில் கொட்டி ஆவி பறந்தது. கால் தப்பியது. மொனிகா பிள்ளையைத் தோளில் போட்டபடி அறை வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, கண் கலங்கியது. அதுதான் அற்புதமலருக்குத் தாங்க முடியவில்லை.

"பஸ்தா அம்மா, போதும். அப்பாவின்ர கால் அவிஞ்சிருந்தா? நான் ஞாயிறு மாமியோட போறன். பிறகு ஆறுதலா வாறன்."

அற்புதமலர் துணியை எடுத்தாள். தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்துச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூடி கழன்ற கல்தாயாவைப் பார்த்து, "நாசமாப் போவான், அவன்ர வீட்டில இழவு விழ," என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சாபம் போட்டாள்.

அரைமணித்தியாலத்தில் போன் அடித்தது. கார்மெலோவின் குரல் உடைந்திருந்தது.

"சிஞ்ஞோரா, எங்கள் அகத்தா போய்விட்டார். என் மாமியார். மாமியார் என்று சொல்லக்கூடாது, எனக்குத் தாய். நேற்று, சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே, இதயம். நாளைக்கு அடக்கம். வேலைக்கு மனம் வரவில்லை, மன்னியுங்கள்." பின்னாலே கரண்டிச் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. துக்கம் பலரைப் பலவிதமாகத் தாக்கும்.

அற்புதமலர் கதிரையில் இருந்துவிட்டாள். சாபம் பலித்துவிட்டது. அதுவும் ஆள் மாறி, ஒரு பாவமும் அறியாத மனிசியில் விழுந்துவிட்டது.

"அது நேற்றே செத்துப்போச்சுதெண்டுதானே சொல்லுறான்," என்று கொன்ஸ்ரன்ரைன் தேற்றினார். "நீ இண்டைக்குத்தானே திட்டினனீ."

"கடவுளுக்கு நேற்றும் இண்டைக்கும் எல்லாம் ஒண்டுதான். நீங்கள் சும்மா இருங்கோ."

வெள்ளிக்கிழமை மாலைத் தமிழ்ப் பூசையில், "அகத்தா அம்மாவின் ஆத்ம இளைப்பாற்றிக்காக" என்று பெயர் கொடுத்தாள். பாதர் வாசிக்க, சனம் எல்லாம் எழுந்து நின்று, முன்பின் தெரியாத ஸ்ஃபெர்ராகவால்லோக் கிழவிக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொன்னது. அதோடு விட அவளுக்கு மனமில்லை. செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகாமல் விட்ட பழி எங்கள் சனத்தில் இலேசில் போகாது. சனிக்கிழமை மத்தியானம் கறுப்பு உடுப்பு உடுத்து, கை கொள்ளாத வெள்ளைச் செவ்வந்திப் பூங்கொத்து ஒன்று வாங்கி, புருசனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். விசிற்றிங் கார்ட்டின் பின்பக்கத்தில் விலாசம் இருந்தது.

இத்தாலியில் செவ்வந்தி செத்தவர்களுக்கு மட்டுமே. சாப்பாட்டுக் கடைக்குள் அது நுழைந்ததும் முதல் மேசைக்காரர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டாம் மேசைக்காரர் கெட்டது விலக, கதிரையின் இரும்புக் காலைத் தேடித் தொட்டார். உள்ளேயிருந்து, முழங்கை வரை ஈரமான ஒரு குண்டு அம்மா, எட்டுக் காலும் தொங்கும், கணவாயின் அண்ணன் போலிருந்த சாக்குக்கணவாயொன்றைக் கையில் தூக்கியபடி வந்தார்.

"பூ யாருக்கு?"

"சிஞ்ஞோரா அகத்தாவுக்கு," என்றாள் அற்புதமலர் குரலைத் தாழ்த்தி. "நல்ல மனிசியாம். நாங்கள் பூசையும் ஒப்புக்கொடுத்தோம்."

"அகத்தா நான்தான்."

கொன்ஸ்ரன்ரைன் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் போட்டார்.

அற்புதமலருக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, பெரிய நிம்மதி. "அப்ப நான் கொல்லேல்லை," என்று தமிழில் சொன்னாள். பிறகு இத்தாலிய மொழிக்கு மாறி, நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கல்தாயா, மூளை, கிடாரம், பேரப்பிள்ளை, பகேரியா எல்லாம் வந்தது. அகத்தா சாக்குக்கணவாயைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் எதில் செத்தேனாம்?"

"இதயம்."

"எப்போது?"

"செவ்வாய்க்கிழமை. வியாழன் அடக்கம்."

"வியாழக்கிழமை நான் நாற்பது பேருக்குச் சமைத்தேன்," என்றார் அகத்தா. "எனக்காகப் பூசை வைத்தீர்களா? உண்மையாகவா? என் சொந்த மகள் என் பிறந்தநாளுக்குப் போன் எடுக்க மறந்தாள்." ஈரக்கையோடு அற்புதமலரைக் கட்டிப்பிடித்தார். பிறகு, உள்ளறைப் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல், "கார்மெலோ," என்றார்.

உள்ளறையில் மூலை மேசையில், கழுத்தில் துவாய் கட்டிக்கொண்டு ஸ்பகெற்றி சாப்பிட்டபடி துக்கம் அனுட்டித்துக்கொண்டிருந்த கார்மெலோ எழும்பி வந்தார். கறுப்பு உடுப்பைக் கண்டார். செவ்வந்தியைக் கண்டார். மாமியாரைக் கண்டார்.

"சிஞ்ஞோரா," என்றார் அற்புதமலரிடம், "தொமானி உங்களிடம்தான் வருவதாக இருந்தேன்."

"கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பு," என்றார் அகத்தா.

வான் வண்டியில் முன்னால் கார்மெலோவும் அகத்தாவும். பின்னால், பைப் துண்டுகளுக்கு நடுவில், தமிழ்த் தம்பதி செவ்வந்தியோடு. சீசாவில் நாலு மாடியையும் அகத்தா மூச்சு வாங்க ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, "இதயம் நன்றாகத்தான் இருக்கிறது," என்று மருமகனுக்குத் தெரிவித்தார். உள்ளே வந்ததும் கை கழுவி, மொனிகாவின் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கல்தாயாவுக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தார்.

கார்மெலோ தோல் பையைத் திறந்தார். ஒன்பது நாளும் அவதானிப்பில் இருந்த மூளை அதே துணியில் சுற்றியபடி வெளியே வந்தது. அதைப் பூட்டினார். பெட்டிக்குக் கீழே கைவிட்டு எதையோ திருகினார். உள்ளே தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஒரு ரிக் சத்தம். நீலச் சுவாலை பிடித்தது.

"நாலு நிமிசம்," என்றார் கையைத் துடைத்தபடி. "பலேர்மோவில் வேறு யாராவது செய்யட்டும், பார்ப்போம்."

"என்ன பிழை இருந்தது?" என்று கொன்ஸ்ரன்ரைன் கேட்டார்.

"பிழையா? ஒன்றுமில்லை. தண்ணீர் அழுத்தம் குறைந்திருந்தது. கீழே இந்தத் திருகைக் கொஞ்சம் திறந்தால் போதும்."

"அப்ப அந்தத் தகடு?"

"தகட்டுக்கு என்ன குறை? அதைக் கழற்றிக்கொண்டு போகாவிட்டால் நீங்கள் வேறு ஆளைப் பிடித்திருப்பீர்கள்." ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தொழில் இரகசியத்தை இவ்வளவு தாராளமாகப் பகிர்ந்துகொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

"முதல் நாளே தெரியுமா உனக்கு?" என்று அகத்தா கேட்டார்.

"பார்த்த உடனேயே," என்றார் கார்மெலோ. அந்தக் குரலில் உண்மையான பெருமை இருந்தது. அகத்தா பிள்ளையை மொனிகாவிடம் கொடுத்துவிட்டு, அவருடைய காதைப் பிடித்து நாலு மாடியும் இறக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம் குளியலறை முழுக்க எலுமிச்சை இலையும் யூக்கலிப்டஸுமாக மணத்தது. அற்புதமலர் மகளின் முதுகில் கொதிக்கக் கொதிக்க வார்த்தாள். மொனிகா, "அம்மா, சுடுது," என்று முனகினாள். முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டாள். வார்த்து முடிந்து, மகளுக்குத் தலை துவட்டிவிட்டு, அற்புதமலர் பகேரியாவுக்குப் போன் எடுத்தாள்.

"சம்மந்தி, நாளைக்கு வாங்கோ, பிள்ளையைப் பாக்க. பையொண்டும் கொண்டுவராதேங்கோ. ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை."

இது நடந்து பல மாதம் ஆகிவிட்டது. கார்மெலோவைப் பற்றிப் பலேர்மோத் தமிழரிடையே அநியாயமான ஒரு அவதூறு இன்னும் உலவுகிறது. அற்புதமலர் அதைக் காதால் கேட்கச் சம்மதிக்கமாட்டாள். கோயில் வாசலில் யாராவது, "அந்தாளுக்கு வேலை தெரியாது," என்று தொடங்கினால் உடனே மறிப்பாள்.

"வீணாப் பழி சொல்லாதேங்கோ," என்பாள். "அவனுக்கு நல்லாத் தெரியும். முதல் நாளே தெரியும்."