பிடிபட்ட இடம்

இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்த சர்வேயர், தம் வீட்டில் தமக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஓர் இடம்தான்: முன்னறை ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த வளைக்குள் ஒரு மாதமாகத் தெருப்பூனை ஒன்று, சாம்பல் நிறக் கடுவன், வந்து படுக்கத் தொடங்கியிருந்தது. அவர் மனைவி அதைத் துரத்தவில்லை, ஜன்னலைச் சாத்தவுமில்லை.

ஆகவே, தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்விக்கும் குழுவினர் தொண்டர் தேடி வந்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவரே. தெருவே மெச்சியது. அறுவை முடிந்ததும் கடுவனைச் சந்தைப் பக்கம் விட்டுவிடச் சொல்லலாம் என்னும் உள்நோக்கத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சந்தில் மூன்று நாள் கூண்டு வைத்தார். முதல் நாள் அகப்பட்டது ஒரு காக்கை. இரண்டாம் நாள், அவருடைய கட்டைவிரல். மூன்றாம் நாள் இரை மட்டும் காலியாகியிருந்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"பூனை பிடிக்கறதுல உனக்கு என்ன தெரியும்?"

"பிடிக்கத் தெரியாது. அது படுக்கற இடம் தெரியும். கூண்டை உங்க நாற்காலிக்கு அடியில வைங்க. மீன் துண்டு நான் வைக்கறேன்."

கால்மணி நேரத்தில் கூண்டின் கதவு விழுந்தது.

"பாத்தியா, எப்படிப் பிடிச்சேன்!"

"நீங்க பிடிச்சுத் தப்புமா?"

மருத்துவமனைப் படிவத்தில் 'பிடிபட்ட இடம்' என்றொரு கட்டம் இருந்தது. பிறர் 'தெரு' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். சர்வேயர் அப்படி எழுதுவாரா? 'முன்னறை, கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம், சாய்வு நாற்காலியின் கீழ்' என்றெழுதி, ஓரத்தில் சிறு வரைபடமும் போட்டுக் கையெழுத்திட்டார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் டாக்டரம்மா கூண்டை நீட்டினாள்.

"நல்லபடியா முடிஞ்சுது சார். கூட்டிட்டுப் போங்க."

"சந்தைப் பக்கம் விட்டுடலாமே டாக்டர்?"

"கூடாது சார். பிடிச்ச இடத்துலயேதான் விடணும், இல்லன்னா தடுமாறிப் போயிடும். படிவத்துக்குப் பின்னாடியே போட்டிருக்கே!" படத்தை வியந்து பார்த்தாள். "இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் எழுதிக் குடுத்ததில்ல சார்."

வீட்டில் கூண்டைத் திறந்தார். கடுவன் நிதானமாக வெளியே வந்து, சோம்பல் முறித்து, நாற்காலியில் ஏறிச் சுருண்டது.

"அந்தப் பின்பக்கத்த நீ படிச்சியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"குழுக்காரங்க வந்து படிவத்தக் குடுத்த அன்னிக்கே படிச்சேனே."

"இருக்கட்டும். மறுபடியும் பிடிச்சு..."

"இடது காது நுனியப் பாருங்க, வெட்டியிருக்கு. ஆபரேஷன் ஆச்சுன்னு அடையாளம். இனிமே எந்தக் குழுவும் பிடிக்காது." சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நாற்காலியையாவது பின்னறைக்குக் கடத்திவிடலாம் என்று சர்வேயர் அதன் கைப்பிடியைப் பற்றினார். கால் தரையில் ஒரு விரற்கடை உரசியிருக்கும். உள்ளிருந்து குரல் வந்தது:

"நகத்தாதீங்க! மூணடி ரெண்டு அங்குலம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."