கடைசிக் கட்டம்

சரண்யா அந்தப் படக்கதையை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். வில்லியனூர் நூலகத்தில் எடுத்தது.

"அப்படி இன்னா கீது அதுல?" என்றான் தமிழ்க்குமரன். திருவாண்டார்கோயில் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன், இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. ஷிப்ட் மாறி மாறி அவனுக்குக் கிழமைகூட மறந்திருந்தது.

"ஒரு புருசன், பொண்டாட்டி. அவன் அப்படியே உன்ன மாதிரி."

"நல்லவனா?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் கடைக்குப் போனதும் புத்தகத்தை எடுத்தான். ஆரம்பத்தில் இருவரும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து இருந்தார்கள். போகப் போக நடுவில் ஒரு கோடு விழுந்தது. பிறகு ஆளுக்கொரு கட்டம். அவள் பேச்சுக் குமிழிகள் பக்கத்தை நிறைத்தன. அவனுடையதில் 'ம்' மட்டும். வரைந்தவர் கைகாரர். அந்த ஆளின் களைத்த முதுகைக்கூட விட்டுவைக்கவில்லை. தமிழ்க்குமரன் தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கடைசிக் கட்டத்தில் அவள் பையோடு வாசலில் நின்றாள். அவன் குமிழி காலி.

இவர்களுக்கு இன்னும் தலைதீபாவளிகூட வரவில்லை.

தூக்கத்தை விட்டுப் பாத்திரம் தேய்த்தான்.

"இன்னா தப்பு பண்ண?" என்றாள் திரும்பி வந்த சரண்யா.

சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தான்.

"சொல்லிடு. யாரு அவ?"

பேசிப் பார்த்தான். சூப்பர்வைசர், கேன்டீன் சாம்பார், மறுபடி சூப்பர்வைசர்.

"நீ 'ம்'னே சொல்லுபா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில்மேல் பை இருந்தது. மடித்த புடவைகள். மேலே அந்தப் புத்தகம்.

"எங்க போற?"

"போன வாரமே சொன்னேனே. நீயும் 'ம்'ன."

வாசலில் ஆட்டோ நின்றது. செலியமேட்டிலிருந்து மாமனார் சுப்புராயன், மாமியார் காசம்மாள். காசம்மாள் கையில் பழப்பை.

அவர்களை அவன் உட்காரக்கூட விடவில்லை.

"எல்லாம் என் தப்புதான் மாமா. அவ பேசறப்ப தூங்கிட்டேன். பொறந்தநாள மறந்துட்டேன். உங்க வூட்டுக்கு வராம இருக்க லீவு இல்லனு பொய் சொன்னேன். அவ வச்ச கொழம்ப நாய்க்கு ஊத்தனேன்."

"நாய்க்கா?" என்றாள் சரண்யா.

சுப்புராயன் மனைவியைப் பார்த்தார். காசம்மாள் நீட்டிய பழப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆடி பொறக்குது, பொண்ண அழைச்சினு போவத்தான் வந்தோம் மாப்ள" என்றார் சுப்புராயன். " ஆவணியில திருப்பி அனுப்பறதா வேணாமானு இப்பத்தான் யோசிக்கணும்."