அண்ணனின் வெண்டை விதையும் ஆறாத கஞ்சியும்

சிலர் தொட்டதெல்லாம் துலங்கும். நான் தொட்ட ஒரு பிடி விதை இன்றுவரை முளைக்கவில்லை.

அண்ணன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கண்டரமாணிக்கத்தில் அவருடைய தோட்டத்தை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். வருடா வருடம் நல்ல வெண்டைக்காயாகப் பார்த்து முற்றவிட்டு அண்ணன் எடுத்துவைக்கும் விதை, காப்பித்தூள் டப்பாவில் கடைசியாக ஒரு பிடி இருந்தது. மூடியில் அவர் கையெழுத்து: ‘வெண்டை. தொடாதே.’ (எனக்காகத்தான் எழுதியிருப்பார்.)

“யூரியா போட்டுப் போட்டு காயெல்லாம் நாராப் போகுது தம்பி. பழைய ருசி இல்ல” என்றார் அண்ணி. அது போதாதா? காரைக்குடியில் ஆபீஸ் வேலை பார்க்கும் நான், ஒரு நாள் உயிர் உரப் பயிற்சிக்குப் போய், சான்றிதழோடும் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டோடும் வந்து இறங்கினேன்.

“இதுக்குள்ள கோடிக்கணக்கான உயிர் இருக்கு அண்ணி. காத்துல உள்ள சத்தைப் பிடிச்சு வேருக்குக் குடுக்கும்.” வெயில் பட்டால் அவை செத்துவிடுமே என்று வழியெல்லாம் பாக்கெட்டுக்குக் குடை பிடித்திருந்தேன். (என் தலைக்குப் பிடிக்கவில்லை.)

அதைக் கஞ்சியில் கரைத்து விதையில் பூச வேண்டும். அப்போதுதான் வடித்த கஞ்சியில் ஆவி பறந்தது. எனக்கோ நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

“உயிருன்னு சொன்னீக. இம்புட்டுச் சூடு தாங்குமா?”

“பயிற்சியில சொன்னாக அண்ணி.”

ஆறவைத்த கஞ்சி என்று அவர்கள் சொன்ன நேரத்தில் நான் வடைக்கு வரிசையில் நின்றிருந்தேன். மொத்த விதையையும் கொட்டி, மூடி வேறு வைத்தேன்.

அண்ணி விதைத்த பத்தாம் நாள் போன் வந்தது. “ஒண்ணுகூட வரல தம்பி.” ஓடினேன். அண்ணி பாத்தியிலிருந்து ஒரு விதையைத் தோண்டி விரலால் நசுக்கினார். வெந்த பருப்பாக நசுங்கியது. திட்டுவார் என்று நின்றேன். “அவுக கையால எடுத்தது இனி இல்லேல்ல” என்றவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த பட்டத்துக்குக் கடை விதை வாங்கி, புதுப் பாக்கெட்டை ஆறின கஞ்சியில் கரைத்து அண்ணியே பூசினார். காய் நாரில்லாமல் வந்தது. “நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக காய் இல்ல.”

இப்போது எங்கள் வீட்டில் சூடாக எதை என் முன் வைத்தாலும், “ஆறட்டும், உள்ள உயிர் இருக்கும்” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கல்லறைத் திருநாளில் அண்ணன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அண்ணியும் தவறாமல் சொல்வார்: “ஒங்க தம்பி வந்திருக்காரு. டப்பாவ ஒளிச்சு வச்சிட்டேன்.”

எல்லோரும் சிரிப்போம். டப்பா காலி என்பதை இதுவரை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.